கருவூலமும் தொலைபேசியும்: இந்தியத் தொலைத்தொடர்புச் சந்தை திறக்கப்பட்ட கதை

இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் நிலையை மத்திய அரசே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்த ஆவணம் 1994 மே மாதம் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை. நூறு பேருக்கு எத்தனை இணைப்புகள் என்பதைக் குறிக்கும் தொலைபேசி அடர்த்தி அப்போது இந்தியாவில் சுமார் 0.8 ஆகவும், சீனாவில் 1.7 ஆகவும், பாகிஸ்தானில் 2 ஆகவும், உலகச் சராசரி 10 ஆகவும் இருந்ததை அது தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டது. நாடு முழுவதற்கும் இருந்தவை சுமார் 80 லட்சம் இணைப்புகள். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோர் சுமார் 25 லட்சம் பேர். 5,76,490 கிராமங்களில் தொலைபேசி எட்டியிருந்தவை ஏறக்குறைய 1,40,000. 1997-க்குள் கேட்டவர்க்கெல்லாம் இணைப்பு, எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்று இலக்கு வகுத்த அதே ஆவணம், அதற்கு வேண்டிய நிதியில் சுமார் 23,000 கோடி ரூபாய் குறைகிறது என்றும், அதைத் தனியார் முதலீட்டைக் கொண்டே ஈடுகட்ட வேண்டும் என்றும் கூறியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அரசின் தனியுரிமையாக இருந்த துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதற்கு உடனடிக் காரணம் இந்தப் பணத் தட்டுப்பாடுதான்.

சந்தையைத் திறப்பது என்றால் அரசு விலகிக்கொள்வது என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் நடந்தது அதுவன்று. உரிமம் வழங்குவது, அலைக்கற்றைக்கு விலை வைப்பது, கட்டணமும் அபராதமும் வசூலிப்பது, தன் சொந்த நிறுவனங்களின் மூலம் அதே சந்தையில் போட்டியிடுவது, போட்டியாளர்களுக்கு நடுவராக ஓர் ஆணையத்தை அமைப்பது என எல்லாப் பொறுப்புகளிலும் அரசு நீடித்தது. ஆகவே, கடந்த முப்பது ஆண்டுகளின் ஏற்ற இறக்கங்களைப் புரிந்துகொள்ள, தனியார்மயம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் அதிகம் உதவாது. தொலைபேசியை மக்களுக்குச் சேர வேண்டிய வசதியாக அரசு கருதிய ஆண்டுகள் எவை, கருவூலத்தை நிரப்பும் வழியாகக் கருதிய ஆண்டுகள் எவை என்று பிரித்துப் பார்த்தால் அந்த வரலாறு பெருமளவுக்குத் தெளிவாகிறது.

சட்டப்படி எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். தந்தி, தொலைபேசி ஆகியவற்றை நிறுவி நடத்தும் தனியுரிமை மத்திய அரசுக்கே உரியது என்றும், விரும்பினால் அரசு பிறருக்கு உரிமம் தரலாம் என்றும் அதன் 4-ஆம் பிரிவு கூறியது. காலனி ஆட்சி தன் பாதுகாப்புக்காக எழுதிக்கொண்ட அந்தப் பிரிவை விடுதலை பெற்ற நாடும் அப்படியே வைத்துக்கொண்டது. அஞ்சல் தந்தித் துறையின் ஓர் அங்கமாகவே தொலைபேசி நீண்ட காலம் இருந்தது. அணைகளுக்கும் உருக்காலைகளுக்கும் முன்னுரிமை தந்த ஐந்தாண்டுத் திட்டங்கள் அதை வசதி படைத்தோரின் தேவையாகக் கருதி ஒதுக்கீட்டைக் குறுக்கின. உள்ளூர்க் கட்டணம் குறைவாகவும் வெளியூர்க் கட்டணம் மிக அதிகமாகவும் வைக்கப்பட்டு, பின்னதன் உபரியால் முன்னதன் நட்டம் ஈடுகட்டப்பட்டது. இந்த ஏற்பாட்டின் பயனை அனுபவித்தவர்கள் ஏற்கெனவே இணைப்புப் பெற்றிருந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கோ உள்ளூர்க் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்த மனப்போக்கில் முதல் மாற்றம் 1984-இல் வந்தது. தொலைத்தொடர்புப் பொறியாளர் சாம் பிட்ரோடாவின் முயற்சியால் அந்த ஆண்டு தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு மையம், இந்திய நிலைமைகளுக்கு ஏற்ற மின்னணு இணைப்பகங்களை வடிவமைத்தது. இணைப்பகம் என்பது ஓர் அழைப்பை அது சேர வேண்டிய இணைப்போடு பொருத்தித் தரும் நிலையம். எக்ஸ்சேஞ்ச் என்று மக்கள் சொல்வது இதையே. வெளிநாட்டு இணைப்பகங்கள் குளிரூட்டப்பட்ட அறைகளை வேண்டின; ஒவ்வோர் இணைப்பும் நாளில் சிறிது நேரமே பயன்படும் என்ற கணக்கில் அமைந்திருந்தன. ஒரு தொலைபேசியைத் தெருவே பயன்படுத்திய நாட்டில் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை. குளிரூட்டி இல்லாமலே இயங்கிய சி-டாட் கிராமத் தானியங்கி இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது.

அதே காலத்தில் பரவிய, வெளியூர் அழைப்புகளுக்கான எஸ்டிடி பூத்துகள் இன்னும் பெரிய பாடத்தைக் கற்பித்தன. மஞ்சள் நிறத்தில் எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று எழுதிய பலகை, கண்ணாடி அடைத்த சிறிய கூண்டு, பேசப் பேச ஓடும் கட்டணத்தைச் சிவப்பு எண்களில் காட்டும் மீட்டர், பேசி முடித்ததும் எண்ணையும் நேரத்தையும் தொகையையும் அச்சிட்டுத் தரும் சிறிய பொறி என அமைந்த இந்தக் கடைகளை, கமிஷன் அடிப்படையில் தனியாட்கள் நடத்தினார்கள். உரிமம் தருவதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. பின்னிரவில் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதால் அந்த நேரத்துக்காக வரிசையில் காத்திருந்தவர்கள் ஏராளம். தொலைபேசி வேண்டியவர்கள் வசதி படைத்தோர் மட்டுமே என்ற திட்ட வகுப்பாளர்களின் எண்ணத்தை எந்த ஆய்வறிக்கையையும்விட உறுதியாகப் பொய்ப்பித்தது இந்த வரிசை. கையில் பத்து ரூபாய் வைத்திருந்தவர்களும் பேசக் காத்திருந்தார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு ஏற்ற அளவில் சேவையைப் பிரித்து விற்க ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

1985-இல் அஞ்சலும் தொலைத்தொடர்பும் தனித்தனித் துறைகளாயின. அடுத்த ஆண்டு, டெல்லி, பம்பாய் நகரங்களுக்கு எம்டிஎன்எல் என்னும் நிறுவனமும், வெளிநாட்டு அழைப்புகளுக்கு விஎஸ்என்எல் என்னும் நிறுவனமும் உருவாயின. 1991-இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின், கருவித் தயாரிப்பும் அதையடுத்து பேஜர், செல்போன் போன்ற கூடுதல் சேவைகளும் தனியாருக்குத் திறக்கப்பட்டன. இந்தப் பின்னணியில் 1994-இன் கொள்கை, அடிப்படைத் தொலைபேசி எனப்பட்ட கம்பித் தொலைபேசியையும் திறந்தது. வெளிநாட்டுப் பங்கு 49 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டது.

செல்போன் உரிமங்கள் முதலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு, நகருக்கு இரண்டு நிறுவனங்கள் வீதம் தரப்பட்டன. 1992-இல் தொடங்கிய தேர்வு வழக்குகளில் சிக்கி, டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்த பிறகே முடிவுக்கு வந்தது. அரசின் ஒப்பந்தப்புள்ளி முடிவுகளில் நீதிமன்றம் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பதற்கு இன்றும் மேற்கோளாகக் காட்டப்படும் தீர்ப்பு அது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது நாட்டின் முதல் செல்போன் அழைப்பாகக் கொள்ளப்படுகிறது. சென்னையில் ஆர்பிஜி செல்லுலார், ஸ்கைசெல் ஆகியவை சேவையைத் தொடங்கின. நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை உச்சக் கட்டணம் இருந்தது. அழைப்பவர் மட்டுமன்றி அழைப்பைப் பெறுபவரும் பணம் கட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடியாக விடை தரும் நிகழ்ச்சி 1995-இன் ஏலம். நாடு ஏறக்குறைய மாநில எல்லைகளை ஒட்டி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அடிப்படைத் தொலைபேசிக்கு வட்டத்துக்கு ஒரு தனியார் நிறுவனம், செல்போனுக்கு இரண்டு என்று முறை வகுக்கப்பட்டது. யாருக்கு உரிமம் என்பதை முடிவு செய்யப் பல அளவுகோல்கள் ஏட்டில் இருந்தாலும், பெரும் எடை தரப்பட்டது உரிமக் கட்டணமாக அரசுக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்பதற்கே. குறைந்த கட்டணத்தில் மக்களுக்குச் சேவை தருபவர் யார், கிராமங்களுக்கு விரைந்து கம்பி இழுப்பவர் யார் என்பன பின்னுக்குப் போயின. ஆண்டு விற்றுமுதல் சுமார் 200 கோடி ரூபாயாக இருந்த ஹிமாச்சல் ஃப்யூச்சரிஸ்டிக் நிறுவனம், வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து, ஒன்பது வட்டங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளில் சுமார் 85,000 கோடி ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்தது. அதன் பின், ஒரு நிறுவனம் பெறக்கூடிய பெரிய வட்டங்களுக்கு அரசு உச்சவரம்பு வைத்ததால் அந்நிறுவனம் தன் கேட்பில் பெரும்பகுதியிலிருந்து விடுபட முடிந்தது. விதி மாற்றப்பட்ட நேரம் குறித்து எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தைப் பல நாட்கள் முடக்கின. மறு ஏலத்தில் பல வட்டங்களைக் கேட்க ஆளே வரவில்லை.

உயர்ந்த கேட்புத் தொகை அரசின் வெற்றியாகப் பேசப்பட்டது. அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தால் அதன் அபாயம் அப்போதே தெரிந்திருக்கும். உரிமக் கட்டணம் வருவாய் எவ்வளவு என்று பாராமல் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய நிலையான தொகை. அதைக் கட்டக் கட்டணத்தை உயர்வாக வைக்க வேண்டும். கட்டணம் உயர்ந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார். வாடிக்கையாளர் இல்லாத நிறுவனத்துக்கு வங்கி கடன் தராது. 1998-இல் மத்தியப் பிரதேசத்தில் பாரதி நிறுவனம் முதல் தனியார் அடிப்படைத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது, கேட்டவுடன் இணைப்பு என்று குறிக்கப்பட்டிருந்த 1997 கடந்துபோயிருந்தது. கொள்கை வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நாடெங்கும் செல்போன் வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். கட்டணப் பாக்கி வைத்த நிறுவனங்களும் உரிமத்தை ரத்து செய்வதாக எச்சரித்த அரசும் நீதிமன்றங்களில் நின்றன.

நடுவர் இல்லாத குறையும் இதோடு சேர்ந்தது. தொலைத்தொடர்புத் துறையே விதி வகுத்தது, உரிமம் தந்தது, தானும் சேவை நடத்தியது; தனியார் நிறுவனத்தின் அழைப்புகள் அரசின் வலைப்பின்னல் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், போட்டியாளரின் கழுத்து அதன் பிடியிலேயே இருந்தது. 1997-இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக டிராய், இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஆனால் உரிமம் வழங்கும் விஷயத்தில் ஆணையம் அரசைக் கட்டுப்படுத்த முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 1998-இல் கூறியது. 2000-இல் சட்டம் திருத்தப்பட்டு, பரிந்துரையும் கட்டண ஒழுங்கும் டிராயிடமும், வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் டிடிசாட் என்னும் தீர்ப்பாயத்திடமும் பிரித்துத் தரப்பட்டன. உரிமமும் அலைக்கற்றையும் அப்போதும் அரசின் கையிலேயே தங்கின. பின்னாளில் எழுந்த சர்ச்சைகள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே எழுந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1999-இல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை 1995-இன் கணக்கைத் தலைகீழாக மாற்றியது. நிலையான உரிமக் கட்டணம் கைவிடப்பட்டு, நிறுவனம் ஈட்டும் வருவாயில் ஒரு பங்கை அரசுக்குத் தரும் வருவாய்ப் பங்கீட்டு முறை அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பாக்கியைச் செலுத்த வேண்டும், வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும், வட்டத்துக்கு இரண்டு நிறுவனங்களே என்ற பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். இதற்கு உடன்படாத துறை அமைச்சர் ஜக்மோகன் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். பிரதமர் வாஜ்பாயின் அரசு அப்போது நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று, தேர்தலை எதிர்நோக்கிய இடைக்கால அரசாக இருந்ததால் எதிர்ப்பு மேலும் வலுத்தது.

தாமே விரும்பி எழுதிக் கொடுத்த தொகையிலிருந்து செல்வந்த நிறுவனங்களை விடுவிப்பது நியாயமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. ஏலத்தில் அளவோடு கேட்டுத் தோற்றவருக்கு அநீதி நேர்ந்தது. அளவு மீறிக் கேட்டால் பின்னர் சலுகை கிடைக்கும் என்ற தவறான படிப்பினையும் சந்தைக்குப் போனது. ஆயினும், வசூலாகாத தொகையை ஏட்டில் வைத்துக்கொண்டு துறையை முடங்க விடுவதைக் காட்டிலும், வாடிக்கையாளர் பெருகினால் அரசின் பங்கும் பெருகும் என்ற முறைக்கு மாறியது சரியான முடிவு. அரசின் வருவாயும் மக்களின் இணைப்பும் முதன்முறையாக ஒரே திசையில் நகரத் தொடங்கியது அப்போதுதான்.

கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. 2000-இல் வெளியூர் அழைப்புகளிலும், 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளிலும் போட்டி வந்தது. 2000 அக்டோபர் 1 அன்று துறையின் சேவைப் பிரிவு பிஎஸ்என்எல் என்ற நிறுவனமாயிற்று. ஓய்வூதியம் பறிபோகும் என்று அஞ்சி வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களுக்கு அரசு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. 2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்போன் சேவையில் இறங்கியதும், ஆண்டின் இறுதியில் ரிலையன்ஸ் நுழைந்ததும் கட்டணங்களைச் சரித்தன. ரிலையன்ஸ் பெற்றிருந்தது அடிப்படைத் தொலைபேசி உரிமம். கம்பிக்குப் பதிலாக வானலை மூலம் வீட்டுக்கு இணைப்புத் தரும் அனுமதியைக் கொண்டு, அது செல்போன் போன்ற சேவையையே விற்றது. அதிகக் கட்டணம் கட்டியிருந்த செல்போன் நிறுவனங்கள் வழக்காடின. 2003 நவம்பரில் இரண்டு உரிமங்களையும் ஒன்றாக்கி அரசு பிணக்கைத் தீர்த்தது. நடந்துவிட்ட மீறலைப் பின்னர் விதியாக்கிய இந்த முறை நல்ல முன்னுதாரணம் அன்று.

சாதாரண மக்களின் வாழ்க்கையை உண்மையில் மாற்றியது, 2003 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த, அதிகம் பேசப்படாத ஒரு விதி. அழைப்பவரே பணம் கட்ட வேண்டும், அழைப்பைப் பெறுபவர் கட்ட வேண்டாம் என்பது அது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைக்கும்போது, முதல் நிறுவனம் இரண்டாவதற்கு ஒரு சிறு தொகை தர வேண்டியிருந்தது. இதுவே இடைஇணைப்புக் கட்டணம். 1999-இலேயே டிராய் இதற்கு முயன்றபோது டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியிருந்தது. பெறும் அழைப்புக்கும் காசு என்றிருந்தவரை, செல்போன் வைத்திருந்தவர் அதை அணைத்து வைத்திருந்தார், அல்லது எண்ணைப் பிறரிடம் சொல்லத் தயங்கினார். விதி மாறியதும், கொத்தனாரும் பிளம்பரும் ஆட்டோ ஓட்டுநரும் காய்கறி வியாபாரியும் முன்பணச் சிம் கார்டு ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒரு சிறு ரீசார்ஜோடு, தமக்கு வேலை தரும் அழைப்புகளை இலவசமாகப் பெறலாம் என்றாயிற்று. ஒரு முறை ஒலிக்கவிட்டுத் துண்டிக்கும் மிஸ்டு கால் வழக்கமும் இந்த விதியின் மேல் வளர்ந்ததே. மாதக் கட்டண ரசீதும் முகவரிச் சான்றும் வைப்புத் தொகையும் கொண்ட பழைய தொலைபேசி உலகில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பெட்டிக்கடையில் விற்ற ரீசார்ஜ் அட்டை இடம் தந்தது.

2004 அக்டோபரில் செல்போன் எண்ணிக்கை கம்பித் தொலைபேசியைத் தாண்டியது. 2010-க்குள் தொலைபேசி அடர்த்தி 15 ஆக வேண்டும் என்று 1999-இன் கொள்கை இலக்கு வைத்திருந்தது. அந்த ஆண்டு அது 50-ஐக் கடந்திருந்தது. இந்த வளர்ச்சியின் பங்கு கிராமங்களுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. 2005-இல் நகரங்களில் அடர்த்தி 25-ஐத் தாண்டியபோது கிராமங்களில் 2-ஐக்கூட எட்டவில்லை. தம் இணைப்புகளில் பத்தில் ஒன்று கிராமப் பொதுத் தொலைபேசியாக இருக்க வேண்டும் என்ற உரிம நிபந்தனையைத் தனியார் அடிப்படைத் தொலைபேசி நிறுவனங்கள் நிறைவேற்றத் தவறின. அபராதம் கட்டுவது அவற்றுக்கு மலிவாக இருந்தது. அரசுத் துறை நிறுவிய வானொலி வகைக் கிராமத் தொலைபேசிகளோ பெரும்பாலும் பழுதாகிக் கிடந்தன. இலாபம் வராத இடங்களுக்கும் சேவை சேர, எல்லா நிறுவனங்களும் தம் வருவாயில் 5 விழுக்காடு செலுத்தும் அனைவர்க்கும் சேவை நிதியம் 2002-இல் தொடங்கப்பட்டது. நல்ல ஏற்பாடான அதிலும், திரட்டிய பணத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவிடப்படாமல் கருவூலத்திலேயே கிடந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் மலிவுக் கம்பியில்லா இணைப்பு, தமிழகக் கிராமங்களில் இணைய மையங்களுக்கு உதவியது. அத்தகைய உள்நாட்டு முயற்சிகளைத் தாங்கிப் பிடிக்கும் உறுதியை அடுத்து வந்த கொள்கைகளில் காண முடியவில்லை.

பேசும் குரலையும் தரவையும் சுமந்து செல்லும் வானலைகளின் ஒரு பகுதியே அலைக்கற்றை. அதன் அளவுக்கு வரம்பு உண்டு, அது பொதுச் சொத்து. 2008 ஜனவரியில் 122 புதிய உரிமங்கள், 2001-இன் விலையில், நாடு முழுவதற்கும் 1,658 கோடி ரூபாய் என்ற கணக்கில், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் தரப்பட்டன. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் திடீரென முன்னுக்குக் கொண்டுவரப்பட்டதும், கட்டணம் செலுத்தச் சில மணி நேரமே தரப்பட்டதும் அந்த முறையின் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்கின. அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-இல் மதிப்பிட்டார்; 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது; 2017 டிசம்பரில், முன்னாள் அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்ட அனைவரையும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. குற்ற வழக்கின் முடிவும் ஒதுக்கீட்டு முறையின் குறைபாடும் வெவ்வேறானவை. தமிழக அரசியல் மேடைகளில் இவை இரண்டும் இன்றுவரை ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

அந்தச் சர்ச்சையின் பெரிய விளைவு, இழப்பு என்ற எண் பொது விவாதத்தை முழுவதும் ஆட்கொண்டது. மலிவான அலைக்கற்றையால் கட்டணம் குறைந்து மக்களுக்குக் கிடைத்த பயனை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஏலமே எப்போதும் ஒரே வழி என்று அரசமைப்புச் சட்டம் கூறவில்லை என உச்ச நீதிமன்றம் 2012 செப்டம்பரில் விளக்கியும், அதிக விலையே நேர்மையின் சான்று என்ற எண்ணம் நிலைத்தது. 2010-இன் 3ஜி, அகலக்கற்றை ஏலங்கள், வரவு செலவுத் திட்டத்தில் எதிர்பார்த்த 35,000 கோடி ரூபாய்க்குப் பதிலாக ஒரு லட்சம் கோடிக்கு மேல் ஈட்டித் தந்தன. பிஎஸ்என்எல் அந்த ஏலத்தில் கலந்துகொள்ளாமலே, பிறர் கேட்ட விலையில் தனக்கு ஒதுக்கப்பட்ட அலைக்கற்றைக்குச் சுமார் 18,500 கோடி ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. கிராம இணைப்பகங்களையும் பெரும் ஊழியர் படையையும் சுமந்த ஓர் அரசு நிறுவனத்தின் சேமிப்பை அரசே கரைத்துவிட்டுப் பிற்பாடு அதன் நலிவுக்கு ஊழியர்களைக் குறை கூறியது வருந்தத்தக்கது. 2019-20-இல் 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள்.

1999-இல் துறையைக் காப்பாற்றிய வருவாய்ப் பங்கீட்டு முறையும் கடைசியில் அதே வசூல் மனப்பான்மைக்கு உள்ளானது. பங்கு எந்த வருவாயில் என்பது அப்போதே தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தொலைபேசிச் சேவையில் வந்த வருவாய் மட்டும் என்றன நிறுவனங்கள். வட்டி, ஈவுத்தொகை, சொத்து விற்பனை எல்லாம் சேர்ந்ததே சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய் என்றது அரசு. 2003-இல் தொடங்கிய வழக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமக் கட்டணப் பாக்கியாகக் கேட்கப்பட்ட சுமார் 92,000 கோடி ரூபாயில் அசல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. எஞ்சியவை வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி. சந்தையிலிருந்தே போய்விட்ட நிறுவனங்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இதற்குள் சந்தையின் அமைப்பும் மாறியிருந்தது. 2010 ஏலத்தில் தரவுச் சேவைக்கென வாங்கப்பட்ட அலைக்கற்றையைக் கையகப்படுத்திய ரிலையன்ஸ் குழுமம், குரல் சேவைக்கான அனுமதியை 2013-இல் 1,658 கோடி ரூபாய் செலுத்திப் பெற்று, 2016 செப்டம்பரில் ஜியோவைத் தொடங்கியது. முதல் மாதங்களில் தரவும் குரலும் இலவசமாகவே தரப்பட்டன. ஏழை மாணவரின் கைக்கும் இணையம் எட்டியது பெரும் பேறு. கடன் சுமையோடு இருந்த நிறுவனங்கள் அதைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக விழுந்ததும் உண்மை. தமிழகத்தில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்குச் சென்றபோது, சில நாட்களில் லட்சக்கணக்கானோர் தம் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள அலைந்தார்கள். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த நாட்டில் மூன்று தனியார் நிறுவனங்களும் பிஎஸ்என்எல்லும் மிஞ்சின.

மூன்றாவது நிறுவனமும் மூழ்கினால் சந்தை இருவர் கைக்குப் போய்விடும் என்ற நிலையில், 2021 செப்டம்பரில் அரசு பாக்கிகளுக்கு நான்கு ஆண்டு அவகாசம் தந்தது. தொலைத்தொடர்பு சாராத வருவாயை இனிமேல் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும் அறிவித்தது. வோடஃபோன் ஐடியா தர வேண்டிய தொகையின் பகுதிகள் பங்குகளாக மாற்றப்பட்டதில், 2025-இல் அந்நிறுவனத்தில் அரசின் பங்கு சுமார் 49 விழுக்காடாயிற்று. தனியார் முதலீட்டைத் தேடிச் சந்தையைத் திறந்த அரசு, முப்பது ஆண்டுகளில் வசூலாகாத பாக்கியின் வழியாக ஒரு தனியார் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராகிவிட்டது. 1885-இன் சட்டத்தை நீக்கிய 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், அனுமதி தருவதையும் அலைக்கற்றை ஒதுக்குவதையும் மத்திய அரசிடமே வைத்திருக்கிறது.

போட்டியாளர்கள் குறைந்ததன் விலையை இப்போது சிறிய ரீசார்ஜ் செய்பவர்கள் கொடுக்கிறார்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் சில நாட்கள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. பொத்தான் வைத்த சாதாரண செல்போனில் பேச மட்டுமே செய்யும் முதியவரும், தமக்குத் தேவையில்லாத தரவையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. எண்ணை உயிரோடு வைத்துக்கொள்ளவே 28 நாட்களுக்கு ஒருமுறை ஒரு தொகையை ஒதுக்க வேண்டியிருந்தது. குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனி ரீசார்ஜை எல்லா நிறுவனங்களும் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. அவற்றின் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டதால், முதலில் வந்த அட்டைகள் பல ஏழைகளுக்கு எட்டாத நீண்ட காலத் திட்டங்களாக இருந்தன. போட்டி வலுவாக இருந்த காலத்தில் கட்டணத்தைச் சந்தையிடம் விட்டது பொருந்தியது. இருவர் மட்டுமே வலுவோடு நிற்கும் சந்தையில், அடிமட்ட ரீசார்ஜுக்கு ஓர் உச்ச விலையை டிராய் வகுப்பதற்கான காலம் வந்துவிட்டது.